உள்ளே சர்க்கரை

முதல் பீர் ஊறுகாய் மணத்தது.
ஜெசிந்தா ஒரு வாய் குடித்துவிட்டுத்
தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
"ஆவக்காய்" என்றாள். அவ்வளவுதான்.
சண்டே மார்க்கெட்டில் இருநூற்றைம்பதுக்குப்
பேரம் பேசி நான் தூக்கிவந்த நீல டிரம்,
மூன்று தரம் சோடா உப்பு, ஒரு தரம் கொதிநீர்,
இரண்டு நாள் மொட்டைமாடிப் புதுச்சேரி வெயில்
எல்லாம் கண்ட பிறகும்
பழைய முதலாளியை மறக்கவில்லை.

பிளாஸ்டிக் அப்படித்தான், என்றாள்.
கோரிமேட்டு ஆஸ்பத்திரி லேபில் பன்னிரண்டு வருஷம்
சீசாக்களோடு குடும்பம் நடத்துகிறவள்.
ஸ்க்ரப்பர் பட்ட இடமெல்லாம் கீறல்,
கீறல் ஒவ்வொன்றும் கிருமிக்கு
அட்வான்ஸ் கேட்காத வாடகை வீடு.
போதாததற்குச் சுவர் வழியாகவே காற்று நுழையுமாம்,
மெல்ல, வட்டி ஏறுவதுபோல.

கண்ணாடி வாங்கலாம்.
நுரை எழுவதும் அடங்குவதும்
அடியில் ஈஸ்ட் கூழாகப் படிவதும்
கண்ணுக்கு முன்னால் நடக்கட்டும்.

நான் மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் வெல்டர்.
என் வீட்டில் கண்ணாடியா?
இருபது லிட்டர், வேர்த்த கை,
முத்தியால்பேட்டை இரண்டாம் மாடி, கைப்பிடி இல்லாத படி.
விழுந்தால் பீரை மட்டுமா அள்ளணும்?
அதோடு, வெளிச்சம் பட்டால் பீர் நாறும் என்று
நீதானே வாசித்துச் சொன்னாய்?
ஸ்டீல் உடையாது. லேசில் கீறாது.
நேற்று என்ன வைத்தோம் என்று அதற்கு ஞாபகம் இருக்காது.
ஒரு பால் கேனுக்கு அடியில் குழாய் வைத்துத்
தருகிறேன், பார்.

தந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டில் யாருமில்லை.
வெளிப்பக்கத் தையல்
கொடுவாச் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று.
ஜெசிந்தா விரலால் தடவி
அழகு, என்றாள்.
எனக்குக் காது சூடாகிவிட்டது.

உள்பக்கத்துக்கு ஆர்கான் விடவில்லை நான்.
சிலிண்டரில் முள் சிவப்பில் கிடந்தது.
கம்பெனி கேஸ், கணக்குக் கேட்பார்கள்.
ஒரு ஓரம்தானே, என்றது கை.
காற்று பட்டு வெந்த ஸ்டீல்
உள்ளே கறுத்துப் பொரிந்து நிற்கும்.
ஷெட்டில் அதற்குச் சர்க்கரை என்று பேர்.
ஸ்க்ரப்பர் வழுக்கிப் போகும் அந்த மூலையில்
தெருத் தெருவாக வாடகை வீடுகள்.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
அவள் தூங்கியபின் கேனைத் தரையில் சாய்த்துத்
தோள்வரை கையை விட்டுத் தேடினேன்.
இருந்தது.
மருந்துக் கம்பெனிக்கு, பால் பண்ணைக்கு,
லாரிக்காரன் மட்டுமே பேரறிந்த ஊர்களுக்கு
ஏற்றி அனுப்பிய தொட்டிகள்
விரல்நுனிக்கு வந்து நின்றன.
எதற்கு விட்டேன், எதற்கு விடவில்லை?
சூப்பர்வைசர் டார்ச் அடித்துக் கையெழுத்துப் போட்டது
எல்லாம் வெளிப்பக்கத்துக்கு.

காலையில் சொன்னேன், கண்ணாடியே வாங்கு.
என்ன திடீரென்று, என்றாள்.
உனக்குப் பார்க்கணும்னு சொன்னியே, என்றேன்.

இப்போது அது சமையலறை மூலையில்
தண்ணீர் ஊற்றிய டப்பில் உட்கார்ந்திருக்கிறது.
சூடேறாமலிருக்க எதிரே டேபிள் ஃபேன்,
வெளிச்சம் படாமலிருக்க
நனைத்துப் போர்த்திய என் கம்பெனிச் சட்டை.
பாக்கெட்டுக்கு மேல் நூலில் என் பேர்:
அ. ஞானாதிக்கம்.
பொளக், என்கிறது. கொஞ்சம் பொறுத்து
இன்னொரு பொளக்.

டியூட்டி முடிந்து வந்ததும் ஜெசிந்தா
பையைக்கூட இறக்காமல் குனிந்து
கீழ்ப் பொத்தான் இரண்டை அவிழ்த்துப் பார்க்கிறாள்.
"நுரை ஏறியிருக்கு" என்கிறாள்,
சட்டையிடம்.

கேனை மாடியில் வைத்துவிட்டேன், மழைத்தண்ணிக்கு.
துணி காயப்போடப் போனால்
இன்னமும் அந்தத் தையலைத் தடவிவிட்டு வருகிறாள்.
கடல் பக்கம்தான் வீடு.
ஐப்பசிக்குள் உள்ளேயிருந்து
சிவப்பாக ஒரு கோடு இறங்கும்.
அப்போது கேட்பாள்.