அழைப்புப் பெயர்

செக்காலை ரோட்டில் வாடகை வீடு,
இரண்டாம் கட்டில் முப்பத்தாறு கணினிகள்.
ஹூஸ்டன் மருத்துவமனை ஒன்றின் பில்களை
ராத்திரியில் சரிபார்க்கிறோம்.
ஜூன் பத்தொன்பது அங்கே விடுமுறை.
இங்கே இல்லை.

உமையாள் மனிதவளத்துக்கு வந்து நான்கு மாதம்.
எல்லா நாளுக்கும் அவளிடம் ஒரு நிறமும் ஒரு கேக்கும் உண்டு.
மகளிர் தினத்துக்கு ஊதா.
ஜூன்டீன்துக்கு,
"எல்லாரும் கறுப்பு டிரஸ், ஓகேயாண்ணா?"
ஓகே என்றிருப்பேன்.
ஏதோ மீன்முள் மாதிரி நின்றது.
டெனீஸிடம் கேட்டுவிடலாம் என்றேன்.

அந்தப் பக்கத்து மேலாளர் டெனீஸ்.
'உங்கள் பண்டிகை' என்று எழுதி அழித்தேன்.
'உங்கள் நாள்' என்று எழுதி
அதையும் அழித்தேன்.
கடைசியில் 'என்ன செய்யலாம்' மட்டும் போனது.

மறுநாள் பதில்:
உடை வேண்டாம்.
என்னைப் பேசக் கூப்பிடாதீர்கள், அன்று அம்மா வீட்டில் இருப்பேன்.
படித்துப் பாருங்கள்.
என் விடுமுறைக்காக உங்களில் யாரும்
இரட்டை ஷிப்ட் பார்க்கக் கூடாது.
பின்குறிப்பாக,
நாங்கள் அன்று சிவப்பாக ஏதாவது குடிப்போம்.

படித்தோம். டீ நேரத்தில்,
ஒரு போன், நாலு தலை.
விடுதலை என்று தாளில் எழுதி
இரண்டரை வருஷம் கழித்துத்தான்
கால்வெஸ்டனில் பட்டாளம் வந்திறங்கி அதை அறிவித்திருக்கிறது.
அதுவரை பருத்தி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்
தாளில் விடுதலையானவர்கள்.

"அரியர்ஸ் எவ்வளவு வரும்?" என்றான் செல்லத்துரை.
யாரும் சிரிக்கவில்லை.
அவனும் சிரிக்கச் சொல்லவில்லை.

அடுத்த பத்தியில் கெவினின் விரல் நின்றது.
விடுபட்டவர்களில் பலர்
முதல் வேலையாக
எஜமான் வைத்த பெயரைக் கழற்றிப் போட்டார்களாம்.

கெவினுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்.
மூன்று வருஷத்துக்கு முன்,
அழைப்புப் பெயர்ப் பட்டியலில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.
"கருப்பையான்னா அவங்க வாயில நுழையாதுப்பா."
நுழையுமா என்று அவர்களிடம் கேட்டதில்லை.
என் வாய்க்கே அது கூச்சமாயிருந்தது என்பதை
இப்போதுதான் எழுதுகிறேன்.
நான் சாத்தப்பன்.
டீம் லீடுகளுக்கு அழைப்புப் பெயர் கிடையாது.

ஆடியில் அவன் லீவு கேட்பான்.
காரணம்: வயிற்றுவலி.
குலசாமிக்குக் கிடா வெட்டு என்று
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
கையெழுத்துப் போடுவேன்.

பதினெட்டாம் தேதி, ராத்திரி ஏழரை, வாராந்திரக் கால்.
கேக் இல்லை.
உமையாள் சிவப்பைத் தேடி
ரோஸ்மில்க்கில் வந்து முடிந்திருந்தாள்.
அவன் முறை.
மைக் திறந்திருந்தது, பேச்சில்லை,
எங்கள் ஏசி இரைச்சல் மட்டும் கடல் தாண்டிப் போனது.
பிறகு,
"நான் கருப்பையா.
மூணு வருஷமா கெவின்னு பேசினது நான்தான்."

டெனீஸ் அர்த்தம் கேட்கவில்லை.
எப்படி எழுதுவது என்று கேட்டாள்.
எழுதிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள்.
முதலில் 'பை'யில் தடுக்கினாள்,
அப்புறம் 'ரு'வில்.
மூன்றாவது தடவை வந்துவிட்டது.
இருபது விநாடி இருக்கும்.

"நன்றி, கருப்பையா.
சரி, நிராகரித்த அந்தப் பதினேழு பில்?"

பத்தொன்பதாம் தேதி
வழக்கமான ஷிப்ட், ஒற்றை ஷிப்ட்.
பெயர் மாற்ற டிக்கெட் போட்டேன்.
பதினைந்து வேலை நாள் ஆகும் என்கிறது சென்னை.
அதுவரை திரையின் மூலையில்
கெவின் பச்சையாக எரிந்துகொண்டிருப்பான்.
பட்டியலில் இன்னும் முப்பது பேர்:
ஷெல்லி, ரான், இரண்டு மைக்.
ஒவ்வொரு மேஜையாகப் போய்
உன்னை எப்படிக் கூப்பிட என்று கேட்கிறேன்.
ஷெல்லி, "ஷெல்லியே இருக்கட்டும்ணா, பிடிச்சிருக்கு" என்றாள்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆடி லீவுக்கு இப்போதே விண்ணப்பம் வந்திருக்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்,
கொட்டை எழுத்தில்:
கருப்பருக்குக் கிடா.