முப்பத்தேழு

மெஷின் காட்டியது முப்பத்தேழு.
அதிகாரி இன்னொரு தரம் அழுத்தி உரக்க வாசித்தார்:
சகாயராணி, சுயேச்சை, தண்ணீர்க் குழாய்,
முப்பத்தேழு.
தடுப்புக் கம்பிக்கு அப்பால் சரவெடி.
எனக்கில்லை.

கட்டிய நாலாயிரம் போயிற்று.
மகளிர் குழுவில் வாங்கிய கடன் அது,
இன்னும் ஏழு தவணை.

திரும்பி வரும் பஸ்ஸில், தேரடியில் தொடங்கி
விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.
வீட்டில் பதினோரு ஓட்டு.
கொழுந்தனைக் கழித்துவிடலாம்,
அவன் சட்டைப்பையில் புதுத் தாள் பார்த்தேன். பத்து.
குழுவில் பதினெட்டுப் பேர்.
அதில் மாதா படத்தின் மேல் அடித்துச் சொன்னவர்கள் ஆறு.
ராத்திரி முழுக்க பூத் சீட்டு எழுதித் தந்த முபாரக்.
இஸ்திரி வண்டி ஜகன்னாதம், அவர் சம்சாரம்.
ஷேர் ஆட்டோ அண்ணன் தம்பி இரண்டு பேர்.
பஸ் எண்ணூர் வந்து நின்றபோது இருபத்தொன்று.
அதற்கு மேல் விரல் நகரவில்லை.

மீதிப் பதினாறு பேர் யார்?

மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.
"சத்தியமா உனுக்குத்தான்க்கா குத்துனேன்.
மெஷின்ல இன்னாவோ பண்ட்டானுங்க."
"எங்க வூட்ல அஞ்சும் உனுக்குத்தான்."
செத்துப்போன மாமியார் ஓட்டையும் சேர்த்துச் சொன்னாள் ஒருத்தி.
ஆடிக் கூழ் ஊற்றுவதற்குள்
நானூற்றுப் பன்னிரண்டு விழுந்திருந்தது.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்.
ஜெயித்தவர் ஜெயித்த வித்தியாசமே
அவ்வளவு இல்லை.

வந்தவர்கள் சும்மா வரவில்லை.
லாரித் தண்ணி வந்து நாலு நாள்.
கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டையில் சாம்பல்,
உதறினாலும் வெள்ளை திரும்பவில்லை.
பென்ஷன் கார்டில் பெயர் ஓர் எழுத்து மாறி
உயிரோடு இருப்பவள் வேறு யாரோ ஆகிவிட்டாள்.
ஜெயித்தவர் போனை மச்சான் எடுக்கிறான்.
மச்சான் போனை யாரும் எடுப்பதில்லை.

காத்திவாக்கத்துக்கு என்று ஒரு நகராட்சி இருந்தது.
செருப்பில்லாமல் நடந்துபோய்ச் சண்டை போட்டு
உலை கொதிப்பதற்குள் வந்துவிடலாம்.
இப்போது நாங்கள் மாநகரம்.
சண்டைக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

மண்டல அலுவலகத்தில்
மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுத்தர் கேட்டார்:
"நீங்க கவுன்சிலரா?"
"இல்ல சார். நின்னேன்."
"நின்னீங்களா?
அப்ப அங்க போய் நில்லுங்க."

நிற்பது எனக்கென்ன புதிதா.
பாமாயிலுக்கு நின்றிருக்கிறேன்,
ஸ்டான்லியில் ஸ்கேனுக்கு, டோக்கன் தீர்ந்த பிறகும்.
என் பெயருக்கு நானே ஓட்டுப் போட
முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன்,
முன்னால் நின்றவன் என்னையே கேட்டான்,
"யாருக்கா அந்த சகாயராணி?"
அன்று அலுவலகத்தில் நின்றது மூன்றே கால் மணி நேரம்.
ஒரு முத்திரை, ஒரு தேதி,
கையெழுத்தா கிறுக்கலா தெரியவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு பத்துக்கு
லாரி வந்தது.
தெரு முழுக்கக் குடம்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு பேரும்
முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறினார்கள்.
கடைசி ஆளாக நான், என் பச்சைக் குடத்தோடு.

அப்போது வந்தாள் நாகபூஷணி.
குவார்ட்டர்ஸ் கடைசி வீடு.
பிரசாரத்துக்குப் போன அன்று கதவைக்கூடத் திறக்கவில்லை,
உள்ளே டிவி ஓடியது.
இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை,
ஓட்டுப் போட்டேன் என்று பொய்யும் சொன்னதில்லை.
காலிக் குடத்தை என் காலடியில் வைத்துவிட்டுக் கத்தினாள்:
"இம்மாந் தெருவுக்கு ஒரு லாரியா?
ரெண்டு கேக்க வாய் இல்ல உனுக்கு?
இதுக்கா போய் நின்ன நீ?"

தெருவே திரும்பிப் பார்த்தது.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, ஈரக் கையோடு,
நோட்டின் பின்பக்கம் விட்டு
புதுப் பக்கம் எடுத்து எழுதினேன்:
இருபத்திரண்டு, நாகபூஷணி.
தப்பாகவும் இருக்கலாம்.