முப்பது நாள்

வரைபடத்தின் நீலம்
வெர்னா கிரிட்டெண்டனின் கோழிக்கூண்டோடு நின்றுவிடுகிறது.
வீடு வெள்ளையில்.

நூறாண்டு வெள்ளம் என்றார் கவுண்டி அலுவலர்.
"எழுபத்தெட்டிலும் வந்தது, தொண்ணூற்றேழிலும் வந்தது.
எந்த நூறு?" என்றாள்.

ஆண்டுதோறும் நூறில் ஒரு சீட்டாம்.
எடுத்த சீட்டும்
திரும்பப் பானைக்குள்ளேயே விழுமாம்.

வீட்டு பாலிசியில்
தீ உண்டு, புயல் உண்டு,
புயல் பிய்த்த கூரைவழி இறங்கும் மழைகூட உண்டு.
வாசல்வழி வரும் ஆறு
இல்லை.

வெள்ளக் காப்பீட்டுக்குத் தனியே கையெழுத்திட்டாள்.
அது உயிர்பெற முப்பது நாள்.

இன்று பதினேழு.
கென்டக்கி மலைகளில் நேற்றிரவெல்லாம் மழை.
ஓடை, பாலத்தூணின் மூன்றாம் கோட்டில்.

ஃப்ரீசருக்கு அடியில்
நான்கு செங்கல் கொடுத்துவிட்டு
நாட்காட்டியைக் கழற்றி
ஓர் ஆணி மேலே மாட்டுகிறாள்.