நிகர எடை

பிறையில் எடைமேடைக் கணக்கு என்னுடையது,
ஏழு வருடமாக.
லோரி சரக்கோடு ஏறும், ஓர் எண்.
இறக்கிவிட்டுக் காலியாய் ஏறும், இன்னோர் எண்.
பெரியதில் சிறியதைக் கழி.
மிச்சம் நிகரம்.
அதற்குத்தான் வெள்ளி.

வருவதெல்லாம் செத்த பேட்டரி.
அலோர் ஸ்டாரிலிருந்து, தைப்பிங்கிலிருந்து,
ஏதோ ஒரு விடியலில் கிளம்ப மறுத்த
கார்களின் வயிற்றிலிருந்து.
பின்கொட்டகையில் ஓட்டை உடைத்து அமிலம் வடிப்பார்கள்.
தகடுகளை உலை தின்னும்.
மறுநாள் கட்டிகளாய் வெளியே போகும்.
பார்க்கக் கல். அழுத்தினால் நகம் பதியும்.

வந்தது, போனது,
இரண்டையும் எழுதுகிறவள் நான்தானே.
ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினேன்.
அமிலம் தள்ளி, பிளாஸ்டிக் தள்ளி, கசடு தள்ளி,
மாதத்துக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாய்
எந்தத் தாளிலும் இல்லை.
மேலாளர் கூய் மலாயில் சிரித்தார்.
காற்றுக்கு ரசீது போடுவாயா?

ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்,
பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே,
எங்கள் கூரை அப்படி.
பின்பக்கக் கால்வாய் அப்படி.
சாயங்கால வெயிலில்
என் சட்டைக் கழுத்து அப்படி.

உலையடியில் நிற்கும் ரஃபிகுலுக்கு
ஈறோரம் நீலமாய் ஒரு கோடு,
பள்ளி நோட்டில் ஓரம் விட்டு இழுத்ததுபோல.
குமில்லாவில் அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள்.
சிரிக்காத போட்டோவாய்த் தேர்ந்து அனுப்பினான்.

பாலர்பள்ளி விடுமுறை.
பார்த்துக்கொள்ள ஆளில்லை.
யுகேந்திரனை என் மேசையடியில் உட்கார வைத்தேன்,
மூன்று வாரம்.
சமத்துப் பிள்ளை.
சன்னல் புழுதியில் விரலால் ‘யு’ எழுதினான்.
விரலை வாயில் வைத்தான்.
‘இனிக்குதும்மா.’
நான் ஏதோ லோரி நம்பரை அடித்துக்கொண்டிருந்தேன்.
‘சரி’ என்றேன்.

பட்டர்வொர்த் கிளினிக்கில் ஊசி, காகிதம், எண்.
டெசிலிட்டருக்கு முப்பத்தொரு மைக்ரோகிராம்.
டன்னில் யோசிக்கிறவளுக்கு அது ஒன்றுமில்லாததுபோல் இருந்தது.
ஒரு டன்னில் எத்தனை மைக்ரோகிராம் என்று பார்த்தேன்:
ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு சுழியம்.
மேசைக் கால்குலேட்டரில் இடம் போதவில்லை.
அவன் ரத்தம் முழுவதிலும் இருப்பதைத் திரட்டினாலும்
ஒரு கடுகின் எடை வராது.

காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியதுபோல என்று
எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்,
சும்மா ஒரு பேச்சுக்கு.
டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். சுடவில்லை.
ஈயம் அப்படி வருவதில்லை.
விரல் வழியே வருகிறது,
இனிப்பாய்,
அம்மா சரி என்று சொன்ன பிறகு.

லோரிச் சக்கரம் எண்ணுவது அவன் விளையாட்டு.
பத்து வரை தடையில்லாமல் போவான்.
இப்போது ஏழு மட்டும் நழுவுகிறது.
ஆறு, எட்டு.
மறுபடி, ஆறு, எட்டு.

இன்று கடைசிச் சம்பளம் வாங்க வந்தேன்.
முகமூடி போட்டு, கையைக் கெட்டியாய்ப் பிடித்து.
உதறிக்கொண்டு ஓடி மேடை நடுவில் நின்றான்.
திரையில் சுழியம்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடை எதையும் அறியாது.
அவன் பதினாறு.
குதித்தான். சுழியம்.
இன்னும் பலமாய்க் குதித்தான்.
‘அம்மா, நான் இல்லையா?’

உள்ளே போய் விசைப்பலகையில் தட்டினேன்.
வண்டி எண்: யுகேந்திரன்.
மொத்த எடை: பதினாறு, கையால்.
வெற்று எடை? என்று கேட்டு மினுக்கியது.
உள்ளே ஏறியதை இறக்கிவிட்டு
இவனை எந்த வாசலில் திரும்ப நிறுத்துவது?
அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன்.
எந்திரம் விடாமல் கேட்டது.

வெளியே ஒரு லோரி விளக்கைப் போட்டு ஹாரன் அடித்தது.
மேடையைவிட்டு இறங்கி ஓரமாய் நின்று
அவன் எண்ணத் தொடங்கினான்.
ஒன்று.
இரண்டு.
சம்பள உறையை மடித்தபடி
நான் ஏழுக்காக நின்றேன்.