இருபத்தொன்றிலிருந்து

கொட்டகையில் தொங்கவிட்டு
ரெகுலா தலைக்கு மேல் படம் காட்டுவாள்:
முடிச்சு. கிழிசல். பாதி விரிந்த குடை.
"சொல்லாதே, செய்."
வலக்கைக்குச் சிவப்பு, இடக்கைக்கு வெள்ளி.
நாற்பது முறை இழுத்தேன்; நாற்பது முறையும்
கீழே ஒரு சாணில் தரை.

கிரென்ஷனுக்கு மேலே நாலாயிரம் அடி.
நொடியை இவர்கள் இருபத்தொன்றிலிருந்து எண்ணுவார்கள்.
ஜெர்மனில் தொடங்கினேன்;
இருபத்துமூன்று தமிழில் வந்துவிட்டது.
அண்ணாந்தால், காட்டிய எந்தப் படமும் இல்லை.
பிழிந்த ஈரத்துணி போல் ஒன்று
என்னையும் சேர்த்து முறுக்கியது.

சிவப்பு.
ஒரு கணம் எதிலும் தொங்கவில்லை நான்.
வெள்ளி.

ஆரே ஆற்றோரச் சோளக்கொல்லையில்
புழுதியோடு உட்கார்ந்திருந்தேன்.
ரெகுலா ஓடிவந்தாள்:
"கைப்பிடிகள்?"
இரண்டும் இருந்தன.
விரல்கள்தான் திறக்க மறுத்தன.
ஒவ்வொன்றாய் அவள் பிரிக்கப் பிரிக்க
எண்ணிக்கொண்டிருந்தேன், இன்னும்.