ரேகை

நேற்று ராத்திரி நாலாம் நம்பர் விளக்கு போனது,
ராஜபார்ட் வாளை உருவிய நேரம் பார்த்து.
பாதி முகத்தோடு வசனத்தை முடித்தார்.
ஜனம் அதற்கும் கைதட்டியது,
செட்டிங் என்று நினைத்திருக்கும்.

காலையில் அரங்கில் நானும் மாதேசும்.
மெயினை இறக்கினேன்.
பிளக்கையும் பிடுங்கினேன்.
மெயினை நம்பலாம்,
யாரும் வந்து ஏற்றிவிடமாட்டார்கள் என்பதைத்தான்
நம்ப முடியாது.
மாதேசு ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டான்,
மறு கையில் போன்.

மூடியைத் திறந்தால்
ஈசல் இறகு, மொறுமொறுவென்று ஒரு விட்டில்,
அம்மாபேட்டைத் தறிகளிலிருந்து பறந்து வந்ததோ என்னவோ
அரை விரற்கடைப் பஞ்சுத் தூசி.
தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிசு.
சாக்கெட்டை முகர்ந்து பார்த்தேன்.
கருகல் இல்லை, பீங்கான் வெள்ளையாகவே இருந்தது.

பல்பைத்தான் பார்க்க முடியவில்லை.
ஒரு பக்கம் அம்மைக் கொப்புளம் மாதிரி உப்பி
உப்பின இடத்தில் பால் படர்ந்த கறை.
ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
கோடுகள்.
வளையம் வளையமாக.

போன மாதம் மாட்டியது நான்தான்.
கையுறை இல்லாமல் பத்து நொடி இருக்குமா?

பகலில் எனக்கு செவ்வாய்ப்பேட்டையில் வேலை,
கொலுசுக்குப் பாலிஷ்.
பதினோரு வருஷத்தில் வெள்ளி
என் விரல்களை வழித்து எடுத்துவிட்டது.
ரேஷன் கடை மிஷினில் கட்டைவிரலை வைத்தால்
பொருந்தவில்லை என்கிறது.
துடைத்து வை, அழுத்தி வை, அந்தக் கை வை.
பின்னால் வரிசை உச்சுக்கொட்டும்.
‘அடுத்த வாரம் வாங்கக்கா.’

ஆயிரம் வாட்டுக்கு
ஒரு தடவை தொட்டதே போதுமாக இருந்திருக்கிறது.
ஒட்டிய துளி எண்ணெயை
ஒவ்வொரு காட்சியிலும் காய்ச்சிக் காய்ச்சி
கண்ணாடியிலேயே எழுதிவைத்துக்கொண்டது,
ஒரு சுழிகூட விடாமல்.

புது பல்பை உறையோடு பிடித்தேன்.
உறையோடே அழுத்தி உட்காரவைத்தேன்.
அப்புறம்தான் உறையை உருவினேன்.
மனசு கேட்கவில்லை.
ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு சுற்று துடைத்து
அது காய்கிற வரைக்கும்
ஏணி உச்சியில் சும்மா நின்றேன்.
‘ஏத்தட்டுமாக்கா?’
‘இருடா.’

பழையது என் டிபன் பையில் இருக்கிறது,
தினசரித் தாளில் நாலு சுற்று சுற்றி.
திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு
ரேஷன் கடை திறப்பார்கள்.