யூ

குலசேகரத்தில், ரப்பர் ஷீட் கடைக்கு மேல் மாடி.
புகையில் வாட்டிய ஷீட்டின் புளித்த வாடை
எப்படியோ படியேறி வந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறது.
மாலை ஆறு மணி வகுப்பு. ஏழு பேர்.
மழை பிடித்தால் ஒன்பது பேர்;
மறுநாள் பால்வெட்டு இல்லை அல்லவா.

கல்யாணக் கார்டுகளின் பின்பக்கத்தை
நான்காக வெட்டி எழுதி வைத்திருக்கிறேன்:
நீங்கள் டாக்டர். நீங்கள் பல்வலிக்காரர்.
நீங்கள் களியக்காவிளை பஸ்ஸைத் தவறவிட்டவர்.
நீங்கள் ஹோட்டலில் சாப்பிட வந்தவர்,
நீங்கள் பரிமாறுபவர்.
சீட்டு எடுத்து ஜோடியாக நிற்க வேண்டும்.
தமிழ் பேசினால் ஒரு ரூபாய்.
டப்பாவில் இதுவரை நாற்பத்தொன்று,
அதில் முப்பது ஷைனி பிரபா போட்டது.

அன்று சாப்பிட வந்தவர் விஜயதாஸ்.
பரிமாறுபவர் செல்லையன் முதலாளி.

விஜயதாசுக்கு மஸ்கட்டில் ஒரு ஹோட்டல் வேலை
வரும் என்கிறார்கள்.
வரும்வரை, விடியுமுன் மூன்று மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முதலாளியின் முந்நூற்றிருபது மரங்களைக் கீறுகிறான்.
முதலாளிக்குப் பெர்த்தில் ஒரு பேரன்.
வீடியோ காலில் இருவரும் சிரிப்பார்கள்,
பிறகு இருவருக்கும் சொல் தீர்ந்துபோகும்.

டீ ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லுங்கள், என்றேன்.
விஜயதாஸ் ஜன்னலைப் பார்த்தான்.
"முதலாளி இஸ் பிரிங்கிங் கோல்டு டீ."
வகுப்பே சிரித்தது.
"யூ" என்றேன். "அவரைப் பார்த்து. யூ."
"முதலாளி ஹேஸ் பிராட்..."
டென்ஸ் சரிதான். நான் கேட்டது அதை அல்ல.

பதினோரு வருடமாக
அவன் இவரை நீ என்றதில்லை, நீரு என்றதில்லை,
நீங்கள்கூடக் கொஞ்சம் கைநீட்டல்தான் அவனுக்கு.
முதலாளிக்கு வெள்ளம் வேணுமா,
முதலாளி சொன்னாப் போதும் என்று
எதிரே நிற்பவரை
எங்கோ இருப்பவராக்கிப் பேசும் ஓர் இலக்கணம்.
அதற்குப் புத்தகம் கிடையாது,
அதில் அவனுக்குப் பிழையே வராது.
என்னிடம் இருந்ததோ ஒற்றைச் சொல்.
டாக்டருக்கும் அதுதான், ஆட்டுக்கும் அதுதான்.

"யூ" என்றான் கடைசியில், எச்சில் விழுங்கி,
"யூ பிராட் மீ கோல்டு டீ."
முதலாளி சீட்டைக் கண்ணருகே பிடித்து
எழுத்தெழுத்தாக வாசித்தார்:
"ஐ ஆம் வெரி சாரி, சார்."
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
ஷைனி பிரபா மட்டும் மெல்ல "எம்மோ" என்றாள்,
டப்பாவில் சில்லறை விழுந்தது.

வகுப்பு முடிந்து, படியில்
விஜயதாஸ் சுவரோடு ஒட்டி நின்று
மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிட்டான்.
"முதலாளி எறங்கணும்."
மேலே நான் டஸ்டரை உதறிக்கொண்டிருந்தேன்.
தூள் முழுக்க என் மேலேயே விழுந்தது.

வெள்ளிக்கிழமை கதைச் சங்கிலி.
ஆளுக்கொரு வாக்கியம், ஆங்கிலத்தில்.
ஒரு மனிதன் இருந்தான், என்றாள் ஷைனி பிரபா.
அவனிடம் ஓர் ஆடு இருந்தது, என்றார் ஏசுபாலன்.
தினமும் இருட்டோடு எழுந்து அதைக் கறந்தான்,
என்றாள் நர்சிங் முடித்த அனிஷ்மா.
விஜயதாஸ் எழுந்து நின்றான்,
எழ வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும்.
"தி கோட் செட் டு தி மேன், யூ."

மீதி, என்றேன்.
"அவ்வளவுதான் மிஸ்" என்று
தானாகவே போய் ஒரு ரூபாய் போட்டுவிட்டு வந்தான்.

அடுத்த வாக்கியம் செல்லையன் முதலாளியுடையது.
அவர் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டிருந்தார்.